பெயரும் அளவும்: குருதியியல் அறிஞர் எர்னெஸ்ட் பாய்ட்லரின் ஆய்வு வாழ்க்கை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகப்பாடல்களைப் பயின்றோர் பசலை என்னும் சொல்லை நன்கு அறிவர். தலைவன் பிரிந்தவழித் தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாடு அது. பொன்னின் நிறத்தையும் பீர்க்கம்பூவின் நிறத்தையும் புலவர்கள் அதற்கு உவமையாக்கினர். ஐரோப்பியரிடமும் இதனை ஒத்த ஒரு வழக்கு இருந்தது. இளம்பெண்கள் மேனி வெளிறி, மூச்சு வாங்கி, உணவில் விருப்பமற்றுச் சோர்ந்து கிடக்கும் நிலையை அவர்கள் ‘பச்சை நோய்’ என்றனர். கன்னியர் நோய், காதற்காய்ச்சல் என்ற பெயர்களும் அதற்கு உண்டு. 1554ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் யோகான்னஸ் லாங்கே, அந்நோய்க்குத் திருமணமே மருந்து என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிடனம் இரும்பு சேர்ந்த மருந்தைக் கொடுத்துக் குணங்கண்டார். பிற்காலத்துக் குருதி ஆய்வுகள், பச்சை நோயின் மெய்ப்பொருள் பெரும்பாலும் இரும்புக் குறைவே எனக் காட்டின. நம் சித்த மருத்துவரும் இத்தகைய வெளுப்பைப் பாண்டு என வழங்கி, அயச்செந்தூரம் கொடுத்து வந்தனர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

பாட்டில் வரும் பசலைக்குத் தலைவன் வரவே பரிகாரம். அதனை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவரை நாடி வந்த பெண்ணின் சோர்வுக்குக் காதல் என்றோ மனக்கலக்கம் என்றோ பெயர் சூட்டி அனுப்பிவிட்டால், அவள் உடலில் இரும்பு ஊறிவிடாது. நோய்க்குப் பெயர் இடுவது வேறு, நோயை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை ஐம்பது ஆண்டுக் காலம் தம் ஆய்வுக்கூடத்தில் இடைவிடாது வற்புறுத்திய ஒருவரைப் பற்றியதே இவ்வுரை. அவர் அமெரிக்கக் குருதியியல் அறிஞர் எர்னெஸ்ட் பாய்ட்லர்.

பிறப்பும் பெயர்வும்

பாய்ட்லர் 1928ஆம் ஆண்டு பெர்லின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை, தாய் இருவரும் மருத்துவர்கள். தாய் குழந்தை மருத்துவத்தில் வல்லவர். 1935ஆம் ஆண்டு நாஜி அரசு நூரம்பர்க் நகரில் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்களை அறிவித்தது. குருதி என்னும் சொல்லே அச்சட்டங்களின் பெயரில் இடம்பெற்றிருந்தது. ‘தூய குருதி’, ‘கலப்புக் குருதி’ என்று மக்களைப் பிரித்த அந்நாட்டை விட்டுப் பாய்ட்லர் குடும்பம் அக்காலத்தில் வெளியேறி, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடியேறியது. பதினைந்தாம் வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எர்னெஸ்ட், 1950ஆம் ஆண்டு, இருபத்தோரு வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். குருதியின் பெயரால் துரத்தப்பட்ட சிறுவன் குருதியையே தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டதில் உள்ள முரணைக் கவிஞர்கள் தாமே உணர்வர்.

சிறைச்சாலையில் ஓர் ஆய்வு

1950களின் முற்பகுதியில், இராணுவப் பணிக் காலத்தில், அவர் இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறைச்சாலையில் நடந்துவந்த மலேரியா ஆய்வில் பங்கேற்றார். பிரிமாகுயின் என்னும் மலேரியா மருந்து பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்யவில்லை. சிலருக்கு மட்டும், குறிப்பாக ஆப்பிரிக்க வழிவந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அம்மருந்து உட்கொண்ட சில நாட்களில் செவ்வணுக்கள் சிதைந்தன, சிறுநீர் கறுத்தது. இது மருந்தின் குற்றமா, உடலின் குற்றமா, செவ்வணுவின் குற்றமா என்பது அன்றைய வினா.

பாய்ட்லரும் அவருடைய தோழர்களும் எளிமையான ஒரு வழியில் விடை தேடினர். மருந்து ஒவ்வாத ஒருவரின் செவ்வணுக்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, மருந்தைத் தாங்கும் ஒருவரின் உடலில் செலுத்தினர். பின் அவருக்குப் பிரிமாகுயின் கொடுத்தனர். வந்த அணுக்கள் மட்டும் அழிந்தன. உடலுக்கு உரிய அணுக்கள் நிலைத்தன. ஆகவே குறை செவ்வணுவின் உள்ளேயே இருந்தது. மருந்தைத் தொடர்ந்து கொடுத்தாலும் அழிவு தானே நின்றுவிடுவதையும் அவர்கள் கண்டனர். கதிரியக்க இரும்பைக் கொண்டு அணுக்களின் வயதைக் கணித்தபோது, முதிய அணுக்களே அழிகின்றன, இளையவை தாங்குகின்றன என்பது புலனாயிற்று. 1956ஆம் ஆண்டு பால் கார்சனும் உடனாய்வாளர்களும், அக்குறை குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியின் குறைவே என வெளியிட்டனர். பிற்காலத்தில் பாய்ட்லர் இந்நொதிக் குறையைக் கண்டறிய, ஒரு துளிக் குருதியைத் தாளில் இட்டுப் புறஊதா ஒளியில் பார்க்கும் எளிய சோதனையை உருவாக்கினார். செல்வம் குன்றிய நாடுகளிலும் செய்யத்தக்க சோதனை அது.

இந்த வெற்றியின் நிழலையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆய்வுக்கு உட்பட்டோர் கைதிகள். அவர்கள் ஒப்புதல் அளித்தே வந்தனர். எனினும் சிறைக்கதவுக்குப் பின்னாலிருந்து அளிக்கும் ஒப்புதல் எத்தகைய ஒப்புதல் என்னும் வினா நீங்குவதன்று. 1946-47ஆம் ஆண்டுகளில் நூரம்பர்க்கில் நாஜி மருத்துவர்கள் மீது வழக்கு நடந்தபோது, அவர்களுடைய தரப்பினர் அமெரிக்கச் சிறைகளில் நடந்த இம்மலேரியா ஆய்வுகளையே எடுத்துக்காட்டி வாதிட்டனர். அந்த நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஒருவர், சில ஆண்டுகளில் அதே சிறையில் ஆய்வாளராக நின்றார். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றில் கொலை நோக்கம், மற்றதில் மருந்து தேடும் நோக்கம். ஆயினும் 1974ஆம் ஆண்டு அவ்வாய்வு முடிவுக்கு வந்தது என்பதும், சிறைவாசிகளின் ஒப்புதலைப் பின்வந்த தலைமுறை ஐயத்தோடு நோக்கியது என்பதும் வரலாறு. கண்டுபிடித்தவரின் பெயரோடு, பெயர் அறியப்படாத அக்கைதிகளின் குருதியும் அந்நூல்களில் உறைந்திருக்கிறது.

சோர்வுக்கு ஒரு சான்று

இரும்பைப் பற்றிய பாய்ட்லரின் தொடக்க ஆய்வும் இக்காலத்தையே சேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள இரும்பின் கணக்கு ஒன்றை அறிதல் நலம். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மூன்று அல்லது நான்கு கிராம். ஒரு சிறு ஆணிக்குப் போதுமான அளவு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அது மடிந்ததும் அதன் இரும்பை உடல் மீட்டுப் புதிய அணுவுக்கு அளிக்கும். நாள்தோறும் புதிய செவ்வணுக்களுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து உடல் ஏற்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. எஞ்சியது முழுவதும் பழைய இரும்பு. முன்னோர் சொல்லைப் பின்னோர் எடுத்தாளும் மொழிமரபை ஒத்த ஏற்பாடு இது.

உடலில் இரும்பு குறைந்தால் முதலில் ஹீமோகுளோபினே குறையும். திசுக்களில் உள்ள இரும்பு நொதிகள் இறுதிவரை காக்கப்படும் என்பது அன்றைய நம்பிக்கை. பாய்ட்லர் இதனை ஐயுற்றார். இரும்பு குறைந்த உணவை எலிகளுக்குக் கொடுத்து, சைட்டோகுரோம்-சி என்னும் பொருளை அளந்தார். அதுவும் குறைவதை 1957ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்படியானால், சோகை தோன்றுமுன்னரே இரும்புக் குறைவு உடலைத் தளர்த்தக்கூடும் அல்லவா?

இவ்வினாவிலிருந்து பிறந்ததே 1960ஆம் ஆண்டு அவர் இரு உடனாய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு. நாட்பட்ட சோர்வால் வருந்திய, ஆனால் சோகை இல்லாத பெண்கள் அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். குருதி சரியாக இருக்கிறது என்று சொல்லி மருத்துவர்கள் திருப்பி அனுப்பக்கூடிய பெண்கள் அவர்கள். இரும்பு மாத்திரையும், அதனைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எது எவருக்கு என்பதைக் கொடுப்போரும் அறியார், கொள்வோரும் அறியார். எலும்பு மஜ்ஜையில் இரும்புச் சேமிப்பு வற்றியிருந்த பெண்களுக்கு இரும்பு பயன் தந்தது. சேமிப்பு உடையோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. 2003, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பிற ஆய்வுகளும் இக்கருத்துக்கு வலுவூட்டின.

பசலை கண்ணுக்குப் புலப்படும். இப்பெண்களின் மேனியிலோ வெளுப்பு இல்லை, குருதிக் கணக்கிலும் குறை இல்லை. அவர்களிடம் இருந்த ஒரே சான்று அவர்களுடைய சொல்லே: ‘களைப்பாக இருக்கிறது’ என்னும் சொல். அச்சொல்லைப் பொய்யென்று தள்ளவும் இல்லை, அப்படியே மெய்யென்று ஏற்றுக்கொள்ளவும் இல்லை அந்த இளம் ஆய்வாளர். அதனைச் சோதித்தார், யாரிடம் அது மெய் என்பதைப் பிரித்துக் காட்டினார். பெண்ணின் வாய்மொழிக்கு மருத்துவ நூல் அளித்த பெருமைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

ஒரு பெண்ணில் இரு குருதி

1959ஆம் ஆண்டு பாய்ட்லர் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்துக்குச் சென்றார். அங்கே குரோமோசோம் அறிஞர் சுசுமு ஓனோ பணியாற்றினார். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. அப்படியிருந்தும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு ஆக்கும் நொதி பெண்ணிடம் இரட்டிப்பாக இல்லை. ஏன்? ஒவ்வோர் அணுவிலும் ஓர் எக்ஸ் உறங்கிவிடுகிறது என்று இங்கிலாந்தின் மேரி லயன் 1961ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டு கருதுகோள் வெளியிட்டார். ஓனோவின் கருத்துகளால் தூண்டப்பட்ட பாய்ட்லரும் தாமாகவே இம்முடிவை நோக்கி வந்திருந்தார். சிறைச்சாலையில் கற்ற நொதிக் குறையே அவருக்குக் கருவியாயிற்று.

அந்நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஒரு நல்ல மரபணுவும் ஒரு குறையுள்ள மரபணுவும் பெற்ற பெண்ணின் செவ்வணுக்கள் எல்லாம் அரைகுறையாக இருக்குமா, அல்லது பாதி முழுமையாகவும் பாதி குறையுடையனவாகவும் இருக்குமா? 1962ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட விடை, இரண்டாவதே உண்மை என்பது. ஒரே உடலில் இருவகை அணுக்கள் வண்ணக்கல் பதித்த தரையைப் போலக் கலந்து கிடக்கின்றன. நோயைத் தாங்கி நிற்பவள் என்ற பெயர் மட்டுமே பெற்றிருந்த பெண்ணின் உடலுக்குள் அணுதோறும் ஒரு தெரிவு நிகழ்ந்திருக்கிறது என்பதை அறிந்தபோது, மரபியலே வேறு கண்கொண்டு பார்க்கத் தொடங்கியது.

சிறிய அளவின் பெருமை

1979ஆம் ஆண்டு அவர் அதே மாநிலத்தின் லா ஹோயா நகரிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே டென்னிஸ் கார்சன் முதலானோருடன் இணைந்து கிளாட்ரிபின் என்னும் மருந்தை அரியவகை இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்குப் பயன்படுத்தினார். மயிரணு வெண்புற்று எனப்படும் அந்நோய் கொண்ட 12 பேருக்கு ஏழு நாள் மருந்து ஒருமுறை செலுத்தப்பட்டது. 11 பேரிடம் நோயின் சுவடு முற்றும் நீங்கியதாக 1990ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

கோஷே நோய் என்னும் மற்றொரு மரபு நோய் உண்டு. மண்ணீரலும் கல்லீரலும் பருத்து, எலும்பு நொறுங்கும் நோய் அது. அதற்கு நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த நொதி மருந்து 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருத்துவச் செலவு பல இலட்சம் டாலர். நோய்க்கு மருந்து உண்டு, வாங்கத்தான் வழியில்லை என்ற நிலை. பாய்ட்லரும் குழுவினரும் மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்து அடிக்கடி கொடுத்துப் பார்த்தனர். மொத்த அளவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைத்தும் நோயாளிகள் தேறியதை 1992ஆம் ஆண்டு வெளியிட்டனர். உற்பத்தி நிறுவனம் குறித்த அளவே உயர்ந்த அளவு என்று கொள்வோர் இதனை எளிதில் ஏற்கவில்லை. விலை என்பதும் மருத்துவ வினாவே என்று அவர் கருதினார் என்பதற்கு இவ்வாய்வு சான்று.

மிகையும் மரபணுவும்

இரும்பின் மறுபக்கம் மிகை. உடல் இரும்பை மீட்டுக்கொள்ள வல்லது. வேண்டாத இரும்பைத் திட்டமிட்டு வெளியேற்ற அதற்கு வழியில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஹீமோகுரோமடோசிஸ் எனப்படும் இரும்புமிகை நோயில் கல்லீரல், கணையம், இதயம் ஆகியவற்றில் இரும்பு படிகிறது. குருதியை அவ்வப்போது வெளியேற்றுவதே இன்றும் அதற்கு முதன்மையான மருத்துவம். 1996ஆம் ஆண்டு இந்நோய்க்கு உரிய மரபணு கண்டறியப்பட்டது. வட ஐரோப்பிய வழியினரிடையே அம்மரபணுத் திரிபு பரவலானது. உடனே, மக்கள் அனைவரையும் சோதித்து, இரட்டைத் திரிபு உடையோரை நோயாளர் என முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற குரல் எழுந்தது.

பாய்ட்லர் எண்ணத் தொடங்கினார். சான் டியேகோ நகரில் பொது உடல்நலச் சோதனைக்கு வந்த 41,038 பேரின் மரபணு ஆராயப்பட்டது. இரட்டைத் திரிபு உடையோர் 152 பேர். அவர்களுள் முழு நோயும் வெளிப்படுவோர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2002ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். நோயாளர் கூட்டத்திலிருந்து மரபணுவைத் தேடியபோது மரபணுவும் நோயும் ஒன்றெனத் தோன்றியது. மக்கள் கூட்டத்திலிருந்து நோயைத் தேடியபோது பெரும்பாலோர் நலமாக இருந்தனர்.

இம்முடிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்தோர் முற்றும் பிழைபட்டோரும் அல்லர். 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு, இரட்டைத் திரிபு உடைய ஆண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கு இரும்புமிகை சார்ந்த நோய் தோன்றுவதாகவும், பெண்களில் அது ஏறத்தாழ ஒரு விழுக்காடே என்றும் காட்டியது. எதனை நோய் என்று வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பது இதனால் தெளிவாகிறது. எனினும், மரபணு ஊழ்வினை அன்று என்னும் பாய்ட்லரின் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. மரபணுவில் எழுதப்பட்ட பெயரைக் கொண்டு நலமாக வாழும் ஒருவரை நோயாளி என்று அழைக்கலாகாது என்ற எச்சரிக்கை, 1935ஆம் ஆண்டு குருதியின் பெயரால் நாடிழந்த ஒருவரிடமிருந்து வந்தது. அவர் அவ்விரண்டையும் இணைத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை; எண்களே பேசின.

இறுதி ஆய்வு

அவருடைய மகன் புரூஸ் பாய்ட்லரும் மருத்துவ அறிஞர். உடலின் இயல்பான எதிர்ப்பாற்றல் பற்றிய கண்டுபிடிப்புக்காக 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றவர். புரூஸின் ஆய்வுக்கூடத்தில் ஒருவகை எலி தோன்றியது. உடலின் மயிர் உதிர்ந்து, தலையில் மட்டும் மயிர் நின்றதால் அதற்கு ‘முகமூடி’ எனப் பெயரிட்டனர். அவ்வெலிக்கு இரும்புக் குறைவும் சோகையும் இருந்தன. இரும்பு மிகுந்த உணவு கொடுத்ததும் மயிர் மீண்டும் முளைத்தது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள், குடலிலிருந்து இரும்பு நுழையும் வாயிலை அடைப்பது. உடலில் இரும்பு குறைந்தால் அச்சுரப்பை அடக்குவதற்கு ஒரு நொதி வேண்டும். ‘முகமூடி’ எலியில் பழுதுபட்டிருந்தது அந்நொதியே. தந்தையும் மகனும் பிறரும் இணைந்து எழுதிய இக்கட்டுரை 2008ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. வாய்வழி இரும்பு எவ்வளவு கொடுத்தும் தேறாத சோகை கொண்ட சில குடும்பங்களிலும் அதே மரபணு பழுதுபட்டிருப்பதை வேறொரு குழுவினர் அதே ஆண்டில் கண்டறிந்தனர். மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்ற பழிச்சொல்லிலிருந்து அத்தகையோரை விடுவிக்க வழி பிறந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் எர்னெஸ்ட் பாய்ட்லர் எண்பதாம் வயதில் மறைந்தார். அவரைக் கொண்டுசென்றது நிணநீர்ப் புற்றுநோய். அவருடைய துறைக்கு உட்பட்ட நோயே அது. நூற்குறிப்புகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் கணிப்பொறி நிரல் ஒன்றை 1980களில் மற்றொரு மகனான எர்லோடு சேர்ந்து அவர் உருவாக்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. பிறர் சொன்னதைச் சொன்னவர் பெயரோடு சொல்ல வேண்டும் என்னும் நெறியை மதிப்போர்க்கு அது பெருந்துணையாக விளங்கியது.

நிறைவுரை

நம் இலக்கண நூலார் அளத்தலை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்தனர். அளவை என்ற சொல்லையே மெய்யறிவுக்கு உரிய சான்று என்ற பொருளிலும் நம் தருக்க நூலார் ஆண்டனர். அளப்பதும் மெய்காண்பதும் ஒரு சொல்லில் அடங்கிய மொழி நம்முடையது. பாய்ட்லரின் ஐம்பது ஆண்டு ஆய்வைச் சுருக்கிச் சொல்ல அச்சொல்லே போதும்.

கவிஞரின் தொழிலும் பெயரிடுதல்தான். களைத்த பெண்ணுக்கும், சிறைப்பட்டவனுக்கும், குறையோடு பிறந்த குழந்தைக்கும் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு நகர்வது பாட்டில் எளிது. அப்பெயருக்குக் கீழே இருக்கும் உயிரை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்குவதே அரிது. பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் கூடி, ஒரு சொல் சரியா, பிழையா என்று வாதிட்டுவரும் இவ்வட்டத்தார்க்கு அவ்வருமை புதிதன்று. சரியான சொல்லுக்காக இங்கே செலவிட்ட நேரம் வீணாகவில்லை என்று சொல்ல, குருதியியலிலிருந்தும் ஒரு சான்று கிடைத்திருக்கிறது.